வெற்றிலைப் பெட்டியும் ஜாலான் பகாங் ஆய்வுக்கூடமும்: வாய்ப் புற்றுநோய் ஆராய்ச்சியில் கே. இராமநாதன் பதித்த தடம்

நம் வீடுகளில் சம்பந்தம் பேசி முடித்தால் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வோம். நிக்காஹ் மஜ்லிஸுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று தட்டில் வெற்றிலை வைப்போம். நம் பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பமும் பெண் கேட்டுச் செல்லும்போது சீரே தட்டு கொண்டு செல்கிறது. நாம் இங்கே கப்பலேறி வந்தபோது கொண்டு வந்த பழக்கமும், இந்த மண்ணில் முன்பே இருந்த பழக்கமும் வெற்றிலைத் தட்டில் ஒன்றாகிவிட்டன.

இந்தப் பொன்விழா மலரில் பள்ளிவாசல் கட்டியவர்கள், கடை வைத்து வளர்ந்தவர்கள், தமிழ்ப் பள்ளிக்கும் மதரஸாவுக்கும் கொடுத்தவர்கள் பற்றிப் பலர் எழுதியிருப்பார்கள். நான் எழுத எடுத்துக்கொண்டது நம் சங்கத்தின் உறுப்பினராகவோ நம் மார்க்கத்தைச் சேர்ந்தவராகவோ இல்லாத ஒருவரைப் பற்றி. அவர் கே. இராமநாதன். கோலாலம்பூரில் ஐ.எம்.ஆர். என்று நாம் அழைக்கும் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் வாய்நோய்ப் பிரிவில் பணியாற்றியவர். அவர் எழுதியவை ஆய்விதழ்களில் வந்த சில கட்டுரைகள். ஆனால் அந்தக் கட்டுரைகளின் பொருள் நம் வீட்டு வெற்றிலைப் பெட்டி. அதனால்தான் அவை நம் சமுதாய வரலாற்றிலும் சேர வேண்டும் என்று கருதுகிறேன்.

நெய்யூரிலிருந்து கோலாலம்பூர் வரை

வெற்றிலை மெல்வோருக்கு வாயில் புற்று வருகிறது என்ற சந்தேகம் புதிதல்ல. 1933இல் ஐ. எம். ஓர் என்ற மருத்துவர் திருவிதாங்கூரில் தாம் கண்ட வாய்ப் புற்றுநோயாளிகளைப் பற்றி லண்டனின் 'லான்செட்' இதழில் எழுதினார். அவர் பணியாற்றிய நெய்யூர் மருத்துவமனை இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. 1959இல் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் டாக்டர் வி. சாந்தாவும் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் வாய்ப் புற்றுநோயின் காரணங்களை ஆராய்ந்து 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கேன்சர்' இதழில் கட்டுரை வெளியிட்டனர். சாந்தா அம்மையார் 2021இல் காலமாகும் வரை அந்த மருத்துவமனைக்கே தம் வாழ்வைக் கொடுத்தவர் என்பதை நாம் அறிவோம்.

அதே காலத்தில் மலாயாவிலும் கணக்கெடுப்பு தொடங்கியிருந்தது. ஜாலான் பகாங்கில் உள்ள ஐ.எம்.ஆர். 1900ஆம் ஆண்டு நோய்க்கூற்று நிலையமாகத் தோன்றியது. தீட்டிய அரிசியை மட்டுமே உண்பதற்கும் பெரிபெரி நோய்க்கும் உள்ள தொடர்பைப் பிரேசர், ஸ்டாண்டன் ஆகிய இருவரும் நிலைநாட்டிய நிறுவனம் அது. உண்ணும் பொருளுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்வது அந்தக் கட்டடத்தின் பழைய வழக்கம் என்று சொல்லலாம்.

1958இல் ஏ. டி. எச். மார்ஸ்டன் மலாயாவின் புற்றுநோய்களை இனவாரியாகப் பிரித்துக் காட்டினார். சீனரிடையே மூக்கின் பின்புறத் தொண்டைப் புற்று அதிகம். இந்தியரிடையே வாய்ப் புற்று அதிகம் என்ற சித்திரம் அப்போதே தெளிவாகிவிட்டது. 1960இல் அவர் 'மெடிக்கல் ஜர்னல் ஆஃப் மலாயா'வில் மலாயாவின் வெற்றிலைப் புற்று பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதினார். 1966இல் ஜப்பானிய ஆய்வாளர் ஹிராயாமா மத்திய, தென்கிழக்கு ஆசியாவின் வாய், தொண்டைப் புற்றுகளைப் பற்றிய நீண்ட ஆய்வை உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியிட்டார். கணவர் பிடிக்கும் சிகரெட்டின் புகை மனைவிக்கும் நுரையீரல் புற்றைத் தரும் என்று 1981இல் உலகுக்குக் காட்டியவரும் இதே ஹிராயாமாதான்.

இராமநாதனின் கட்டுரைகள்

இராமநாதன் இந்த வரிசையில் அடுத்து வருகிறார். மார்ஸ்டன் போன்றோர் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்த திசுத் துண்டுகளை எண்ணினார்கள். அதாவது, நோய் முற்றி, அறுவை செய்து, துண்டு எடுத்து அனுப்பிய பிறகு எண்ணினார்கள். புற்றாவதற்கு முன் வாய் எப்படி இருக்கிறது என்று கேட்பது வேறு வகைக் கேள்வி.

1973இல் 'மெடிக்கல் ஜர்னல் ஆஃப் மலேசியா'வில் இராமநாதனும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை அந்தக் கேள்வியைக் கேட்டது. 407 மலேசியரின் வாயைச் சோதித்து, புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் எத்தனை பேரிடம் உள்ளன, அவை மெல்லுதல், புகைத்தல் போன்ற பழக்கங்களோடு எப்படிப் பொருந்துகின்றன என்று பார்த்தார்கள். நூற்றுக்கணக்கானோரின் வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கைப் பிடித்து, கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் அடியையும் பார்த்துக் குறிப்பெடுக்கும் வேலை அது. அதில் நவீனக் கருவி எதுவும் இல்லை. பொறுமைதான் கருவி.

1976இல் இராமநாதனும் லட்சுமியும் சேர்ந்து தீபகற்ப மலேசியாவில் வாய், முகப் புற்றுகள் இனத்துக்கு இனம் எப்படி வேறுபடுகின்றன என்ற கட்டுரையை ஜப்பானின் 'கான்' புற்றுநோய் ஆய்வுத் தொகுதியில் வெளியிட்டனர். மக்கள் தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக இருந்த இந்தியர், வாய்ப் புற்றுநோயாளிகளில் பாதிக்கும் மேலாக இருந்தனர். இந்த ஒரு விகிதம் பின்னர் மலேசிய வாய்ப் புற்று பற்றி எழுதிய பலரின் தொடக்கப் புள்ளியானது.

மூன்றாவது கட்டுரை 1981இல் வந்தது. அதன் பொருள் வாய்ச் சவ்வு இறுக்கம் என்னும் நோய். கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நார் நாராக இறுகி, வாயைத் திறக்க முடியாமல் போகும். காரம் பட்டால் எரியும். இந்த நோயை நவீன மருத்துவத்தில் முதலில் விவரித்தவர் ஷ்வார்ட்ஸ். 1952இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் அவர் இதைக் கண்டார். கடல் கடந்து போன இந்தியரோடு பழக்கமும் நோயும் சேர்ந்தே போயிருந்தன.

இந்நோய்க்குக் காரணம் என்ன என்பதில் அப்போது கருத்து ஒற்றுமை இல்லை. இராமநாதன் ஒரு மாற்றுக் கருத்தை முன்வைத்தார். இரும்புச்சத்துக் குறைவால் தொண்டையில் விழுங்க முடியாமல் போகும் ஒரு நோய் மேலை நாட்டுப் பெண்களிடம் முன்பே அறியப்பட்டிருந்தது. அதன் ஆசிய வடிவமே இது என்றார் அவர். இரும்புச்சத்தும் பி வகை வைட்டமின்களும் நெடுநாள் குறைந்த உடலில் வாய்ச் சவ்வு மெலிந்து, காரத்துக்கும் பாக்குக்கும் ஈடுகொடுக்க முடியாமல் மாறுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம்.

தோற்ற கருத்தின் பயன்

அந்த வாதம் முழுமையாக நிலைக்கவில்லை. பாக்கில் உள்ள அரிக்கோலின் என்ற பொருள் நார்ப்பொருளைச் சுரக்கும் உயிரணுக்களைத் தூண்டுகிறது என்றும், பாக்கில் உள்ள செம்புச்சத்து அந்த நார்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்குகிறது என்றும் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. பாக்கு மெல்லுவதே முதன்மைக் காரணம் என்று இன்று ஏற்கப்பட்டுள்ளது. சத்துக்குறைவு துணைக் காரணமாக நிற்கிறது.

ஆயினும் சவ்வு இறுக்கத்தின் காரணம் பற்றிப் பின்னாளில் எழுதியவர்கள் 1981ஆம் ஆண்டுக் கட்டுரையை மறக்கவில்லை. பாக்குக்கு எதிரான சான்றை அடுக்கும்போது, 'சத்துக்குறைவாக இருக்கலாமே' என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. சரியான விடையைத் தந்தவர் மட்டும்தான் அறிவை வளர்த்தவர் என்பதில்லை. மற்றவர் கடந்தே தீர வேண்டிய கேள்வியை வைத்தவரும் வளர்த்தவரே. சோகை பிடித்த பெண்ணின் வாயைத் தனிக் கவனத்தோடு பார்க்க வேண்டும் என்ற படிப்பினையும் அதில் மிச்சமிருக்கிறது.

இந்த நோய் வெறும் எரிச்சலோடு நிற்பதில்லை. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் 66 நோயாளிகளை 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1985இல் வெளியானது. அவர்களில் 7.6 விழுக்காட்டினருக்கு அது புற்றாக மாறியிருந்தது.

ஒரு வீட்டுச் செய்தி

இந்த இடத்தில் என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்தபோது, சுபுஹுத் தொழுகை முடிந்ததும் என் உம்மம்மா பித்தளை உரலில் பாக்கை இடிக்கும் சத்தத்தில்தான் நாங்கள் கண் விழிப்போம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளுப் புகையிலை. சில ஆண்டுகளில் அவர் ஆணத்தைத் தொடுவதை நிறுத்திவிட்டார். காரம் எரிகிறது என்றார். பிறகு பெரிய கரண்டி வாயில் நுழையவில்லை. சின்னக் கரண்டியால் கஞ்சி ஊட்டினோம். 'வயசாச்சு, பல்லும் போச்சு' என்று நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம். கன்னத்துப் புண்ணை அவர் என் தாயாரிடம் காட்டியபோது காலம் கடந்திருந்தது. 1979இல் வஃபாத்தானார்.

407 பேரின் வாயைப் பார்த்து எழுதிய கட்டுரை அப்போது வெளிவந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அது எழுதப்பட்ட ஜாலான் பகாங்குக்கும் எங்கள் வீட்டுக்கும் சில கிலோமீட்டர்தான் இடைவெளி. ஆனால் கட்டுரை ஆங்கிலத்தில் மருத்துவருக்காக எழுதப்பட்டது. எங்கள் வீட்டில் பேசியது தமிழ். இதில் குற்றவாளி என்று யாரையும் சுட்ட முடியாது. எழுதியவர் தம் கடமையைச் செய்தார். எங்களுக்கும் அவருக்கும் நடுவே செய்தியைச் சுமந்துவர ஆள் இல்லை.

எண்ணிக்கை திட்டமானது

1985இல் ஐ.எம்.ஆர். ஆய்வாளர் குழு ஒன்று, இராமநாதனும் அதில் ஒருவர், மலேசியாவின் வாய்ப் புற்றில் ஏதேனும் மாற்றம் உண்டா என்பதையே தலைப்பில் கேள்வியாக வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டது. அதே ஆண்டு பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றை உண்டாக்கும் என்று அறிவித்தது. புகையிலை சேர்க்காத வெற்றிலை பற்றி முடிவு சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. 'நான் புகையிலை போடுவதில்லை' என்று சொல்லி நம்மில் பலர் ஆறுதல் அடைந்தது அந்த இடைவெளியில்தான்.

1993-94இல் மலேசியா முழுவதும் வாய்நோய் ஆய்வு நடந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் ரோஸ்னா ஸைன் தலைமையில் எழுதப்பட்ட அதன் அறிக்கை 1997இல் வெளியானது. 25 வயதுக்கு மேற்பட்ட 11,697 பேரைச் சோதித்திருந்தார்கள். ஐந்து பேருக்குப் புற்று இருந்தது. 165 பேருக்குப் புற்றாக மாறக்கூடிய நிலைகள் இருந்தன. இந்தியரிடையே இந்த நிலை 4 விழுக்காடு; சீனரிடையே 0.5 விழுக்காடு. 407 பேரிடம் தொடங்கிய கேள்விக்கு இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நாடே பதில் சொன்னதாகக் கொள்ளலாம். 1990களின் பிற்பகுதியில் சுகாதார அமைச்சின் பல் மருத்துவப் பிரிவு, ஆபத்து மிகுந்த சமூகங்களைத் தேடிச் சென்று வாய்ச் சோதனை நடத்தும் திட்டத்தைத் தொடங்கியது.

2004இல் லியோன் முகமையின் புதிய தொகுதி வந்தது. தெற்கு, தென்கிழக்கு ஆசிய நாடுகளில் சேர்ந்த சான்றுகளை எடைபோட்டு, புகையிலை இல்லாத வெற்றிலையும் புற்றை உண்டாக்கும், பாக்கு தனியாகவே புற்றை உண்டாக்கும் என்று தீர்ப்புச் சொன்னது. ஆறுதலுக்கு இருந்த கடைசி வாசலும் மூடப்பட்டது.

இன்று ஆராய்ச்சி சுபாங் ஜெயாவுக்கும் வந்திருக்கிறது. 2001இல் அங்கே தொடங்கிய, இப்போது கேன்சர் ரிசர்ச் மலேசியா என்று அழைக்கப்படும் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ஆசிய நோயாளிகளின் வாய்ப் புற்றிலிருந்து ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து வளரும் உயிரணு வரிசைகளை உருவாக்கி 2007இல் அறிவித்தனர். மருந்தைச் சோதிக்க மேலை நாட்டாரின் உயிரணுவை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை என்ற நிலை வந்தது. கைப்பேசியில் வாயைப் படமெடுத்துத் தொலைவிலுள்ள நிபுணருக்கு அனுப்பும் 'மெமோசா' என்ற செயலியும் அங்கே உருவானதே.

எதை வைத்து அளப்பது?

ஓர் ஆய்வாளரின் செல்வாக்கை இப்போது எண்ணால் அளக்கிறார்கள். அவர் கட்டுரையைப் பிறர் எத்தனை முறை சுட்டியிருக்கிறார்கள் என்று கணக்கிடுவார்கள். 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் தந்த அளவுகோல் பல்கலைக்கழகங்களில் பரவலாக உள்ளது. பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் பத்து முறையாவது சுட்டப்பட்டிருந்தால் அவர் எண் பத்து. எளிய கணக்கு. ஆனால் 1970களில் உள்நாட்டு இதழில் உள்நாட்டு நோயைப் பற்றி எழுதியவருக்கு அந்தத் தராசில் பெரிய எடை கிடைப்பது கடினம்.

நம் மார்க்கம் வேறொரு தராசைத் தருகிறது. மனிதன் இறந்த பின்னும் நன்மை தொடரும் மூன்று வழிகளில் ஒன்று பிறர் பயன்பெறும் கல்வி என்று நபிகள் நாயகம் (ஸல்) கற்பித்ததை நாம் ஜும்ஆ மேடைகளில் கேட்டிருக்கிறோம். பயன் என்ற சொல்லை அங்கே கவனிக்க வேண்டும். நெய்யூர், சென்னை, கோலாலம்பூர் ஆய்வுகள் லியோன் வரை போய்ச் சேர்ந்தன. பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்து சேரவில்லை என்றால், பயன் பாதி வழியில் நிற்கிறது. மீதி வழி நம் பொறுப்பு.

இன்னொரு குறையும் உண்டு. இந்த ஆய்வுகளின் அட்டவணையில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று பத்திகள் இருக்கின்றன. தமிழ் முஸ்லிம் என்று தனிப் பத்தி இல்லை. நம்மவர் இந்தியர் பத்தியில் கலந்திருப்பர். பதிவில் மலாய்க்காரராகிவிட்ட குடும்பத்தார் அடுத்த பத்தியில் கலந்திருப்பர். தோட்டப்புறத் தொழிலாளியின் வாயும் மஸ்ஜித் இந்தியா பகுதி வியாபாரியின் வாயும் கிள்ளானில் தெங்கு கெலானா சாலைக் கடைக்காரரின் வாயும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிட்டன. நம் நிலை என்ன என்பதை நம்மைத் தனியே எண்ணினால்தான் அறிய முடியும்.

ஐம்பது ஆண்டு கண்ட ஒரு சங்கத்தால் இது ஆகாத காரியமல்ல. ஆண்டுதோறும் நடக்கும் குடும்ப தினத்தில் இரத்த அழுத்தம், இனிப்புநீர் பார்க்க மேசை போடுகிறோம். அதன் பக்கத்தில் வாய் பார்க்க ஒரு பல் மருத்துவரை அமர்த்தலாம். ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கையைக் குறித்து வைத்தால், அடுத்த ஆய்வாளர் கேட்கும்போது கொடுக்க நம்மிடம் ஏதேனும் இருக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியதும் சிறிதுதான். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புப் படலம், காரம் பட்டால் புதிதாக வரும் எரிச்சல், மூன்று விரலைச் சேர்த்து நிறுத்தி வைக்க முடியாத அளவுக்குச் சுருங்கிய வாய்: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அரசாங்கப் பல் மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். இறுகிய சவ்வு பழக்கத்தை விட்டதால் மட்டும் பழையபடி ஆகிவிடாது. ஆனால் விட்டால் ஆபத்து குறையும். நம் நாட்டில் வாய்ப் புற்றுநோயாளிகளில் பெரும்பாலோர் மூன்றாம், நான்காம் நிலையில்தான் மருத்துவரிடம் வருகிறார்கள். முதல் நிலையில் வருபவருக்குப் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

இராமநாதனின் 1973, 1981 கட்டுரைகள் வந்த 'மெடிக்கல் ஜர்னல் ஆஃப் மலேசியா'வின் பழைய இதழ்களை இன்று யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் இலவசமாகப் படிக்கலாம். நம் பிள்ளைகளில் பலர் மருத்துவமும் பல் மருத்துவமும் உயிரியலும் படிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அவற்றைப் படித்து, நல்ல தமிழில் நான்கு பக்கம் எழுதி, நம் பெண்கள் கூடும் மஜ்லிஸில் வாசித்துக் காட்டினால், ஜாலான் பகாங்கிலிருந்து புறப்பட்ட அந்தச் செய்தி வீடு வந்து சேரும். அதற்கு வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்குத் தௌபீக் செய்வானாக. பயன்தரும் கல்வியை விட்டுச் செல்வோர் அனைவரின் உழைப்பையும் பயனுள்ளதாக ஆக்குவானாக. ஆமீன்.